நால்வர் சதுரங்கத்தில் யானையின் வேலை

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் வேளையில், சலவைக்கூடத்தின் மடிப்பு மேசைமீது குடும்பத்தின் நான்கு தூண்களும் நால்வர் சதுரங்கம் ஆடுவார்கள் என்றும், எவருடைய ராஜா முதலில் விழுகிறாரோ அவரே தொழிலிலிருந்து விலகி, மாடியில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை இனி முழுநேரமும் கவனித்துக்கொள்வார் என்றும், இம்முடிவு இறுதியானது, மேல்முறையீட்டுக்கு இடமற்றது, சலவைத்தொழில் வரலாற்றிலேயே முன்னுதாரணம் இல்லாதது என்றும் அண்ணன் அறிவித்தார்.

கவிழ்த்துப் போட்ட சோப்புத்தூள் வாளியின் மேல் ஏறி நின்று அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்றே பேர்: அவர் மனைவி, அவர் தங்கை, அவர் தம்பி. மூன்று பேருக்கு அறிவிக்க வாளி தேவையில்லைதான். ஆனால் அண்ணனுக்குப் பல் வலி என்றால்கூட அதை ஓர் உயரத்திலிருந்து சொன்னால்தான் திருப்தி. ‘நிறுவனத் தலைவர்’ என்று அட்டை அச்சடித்து வைத்திருந்ததால் கூடத்தில் வேலை செய்பவர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் ‘சேர்மன்’ என்பார்கள். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். அது கிண்டல் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

தங்கையை எல்லோரும் பாய்லரக்கா என்று கூப்பிடுவார்கள். காலையில் பாய்லரைப் பற்றவைப்பவள் அவள். வாஷரில் எவ்வளவு சூடு, எந்தக் கறைக்கு எந்த மருந்து, இஸ்திரி போடும் ரோலர் எப்போது துணியைக் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் வெள்ளையாகும். அப்பா விழுந்து, வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போன நாளிலிருந்து மாடியும் அவள் பொறுப்பில்தான். யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. மேலே போனாள், அவளை இறங்கி வரச் சொல்ல மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். ரோலருக்கும் மாடிப்படிக்கும் இடையில் ஓடி ஓடி அவள் முழங்கால் தேய்ந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணன், “அவ சும்மா ஒரு எட்டு போய் பாத்துட்டு வர்றா,” என்பார். நாளெல்லாம் போடுகிற எட்டுகளுக்குக் கணக்கு யார் வைத்தார்கள்?

இப்போது வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்திருந்தார்கள். சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். தங்க அறை உண்டு. தனக்கென்று கதவு உள்ள ஓர் அறை. ஒன்றாம் தேதி வந்து சேரவேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அவளை யாரோ தேடி, கேட்டு, காத்திருந்தார்கள்.

“நான் போறேன்,” என்றாள்.

“போ, யாரு வேண்டாம்னா? அப்பாவை மட்டும் ஏற்பாடு பண்ணிட்டுப் போ,” என்றார் அண்ணன்.

“ஏற்பாடுன்னா? அப்பா என்ன கேஸ் சிலிண்டரா? உங்களுக்கும் அப்பாதானே?”

“அதுக்கில்லம்மா. பொம்பளைங்க கை பட்டா…”

“அண்ணிக்கும் கை இருக்கு.”

“எனக்கு இடுப்பு இல்ல,” என்றாள் அண்ணி உடனே. அண்ணிக்கு இடுப்பு இருந்தது. அப்பா பேச்சு எடுக்கும்போது மட்டும் அது காணாமல் போகும்.

தம்பி எப்போதும்போல, “நாளைக்குப் பேசிக்கலாமே,” என்றான். அவனுக்குப் பெயரே அதுதான். கூடத்தில் எல்லோரும் அவனை ‘நாளைக்கு’ என்றே கூப்பிடுவார்கள். கெட்டவன் இல்லை. வேனை நன்றாக ஓட்டுவான், வழியில் யார் கைகாட்டினாலும் ஏற்றிக்கொள்வான், எந்த வேலையையும் மறுக்கமாட்டான். எதையும் முடிக்கவும் மாட்டான்.

இந்த இழுபறி ஒரு வாரம் ஓடியபிறகுதான் அண்ணன் வாளிமேல் ஏறினார். பாய்லரக்கா உடனே ஒத்துக்கொண்டாள். பேச்சில் என்றால் மூன்று பேர் கண்ணும் கடைசியில் அவள்மேல்தான் வந்து இறங்கும். பலகையில் அப்படி இல்லை. பலகைக்கு யார் பெண், யார் தலைவர், யாருக்கு இடுப்பு இல்லை என்று தெரியாது.

அந்தப் பலகை அப்பா செய்தது. நான்கு பிள்ளைகள் ஒரு சதுரங்கப் பலகைக்கு அடித்துக்கொண்டபோது (மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள், கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள் புத்திசாலி) அவர் ஒரு பெரிய ப்ளைவுட் பலகையின் நான்கு மூலைகளையும் அறுத்துக் கூட்டல் குறி போலாக்கி, நான்கு கைக்கும் நான்கு படை வைத்துக் கொடுத்தார். சில வீடுகளில் கோட்டை என்று சொல்லும் காயை இவர்கள் வீட்டில் யானை என்பார்கள். பாய்லரக்காவின் ஆட்டமே யானைதான்.

இரண்டு பேர் ஆடும் சதுரங்கத்தில் யானை சோம்பேறி. மூலையில் சாய்ந்து நிற்கும், கூட்டம் கலைந்தபிறகு எழுந்து வரும். நால்வர் பலகையில் சாய்ந்துகொள்ள மூலையே இல்லை, அப்பா அறுத்துவிட்டார். யானை நேராகப் போகும், பக்கவாட்டில் போகும், தடுக்கிறவரை போகும், அதில் மாற்றமில்லை. ஆனால் தன் வீட்டுக்குள் பக்கவாட்டில் அதற்கு எட்டே கட்டம்தான். நேரே கிளம்பினால், பக்கத்து வீட்டுக்காரர் வாசலை உரசிக்கொண்டே போய் எதிர்வீட்டு யானையின் முகத்தில் முட்டும். ஆக, ஒவ்வொருவர் யானையும் பிறந்ததிலிருந்தே பக்கத்து வீட்டு வாசலைக் கண்காணித்துக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒருமுறை யானையை வெளியே அனுப்பினால், திரும்ப அதைத் தொடுவதற்குள் மூன்று பேர் ஆடிவிடுவார்கள். அதனால் தூரத்து ராஜாவுக்கு யானையால் செக் வைப்பது வீண். நடுவில் ஆடுகிறவர் யாராவது தன் காயைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்திவிடுவார். உன்னை அடுத்து யார் ஆடுகிறாரோ அவரைத்தான் யானையால் ஒரே அடியில் சாய்க்க முடியும். அதே நியாயப்படி, உனக்கு முந்தி ஆடுகிறவர்தான் உனக்கு எமன்.

ஞாயிறன்று நான்கு பேரும் மடிப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது அவளுக்கு இடப்பக்கம் தம்பி, எதிரே அண்ணன், வலப்பக்கம் அண்ணி. ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றும். அதாவது அண்ணி அவளுக்கு எமன். அவள் தம்பிக்கு எமன். தம்பி அண்ணனுக்கு. அண்ணன் தன் மனைவிக்கு.

“பாத்து ஆடுங்க,” என்றாள் அண்ணி கணவரிடம். “என்னைச் சாய்ச்சீங்கன்னா ராத்திரிக்குச் சமையல் யாருன்னு யோசிச்சிக்கோங்க.”

“விளையாட்டுல உறவு கிடையாது,” என்றார் அண்ணன் கம்பீரமாக. ஆனால் ஆட்டம் முழுக்க அவர் காய் ஒன்றுகூட அண்ணி பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்டம் மெதுவாகச் சூடேறியது. அண்ணன் ஒவ்வொரு காயையும் தூக்கி, காற்றில் நிறுத்தி, சுற்றிப் பார்த்து, பிறகு வைப்பார். ஏதோ அணைக்கட்டுக்கு அடிக்கல் நாட்டுகிற மாதிரி. அவருடைய யானை, அவரைப் போலவே, தன் ஆளாலேயே மறைக்கப்பட்டு முன்னால் நகர முடியாமல் நின்றது. தம்பி தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டு, அதை அண்ணி தின்றபோது, “போகட்டும், நாளைக்கு வேற வளரும்,” என்றான். ராஜாவின் இரண்டு பக்கமும் அவன் சொந்தக் காய்களே சுவர்போல நின்றன. முன்னால் வெறும் வரிசை. யாராவது அந்த வரிசையில் வந்து நின்றால் அவன் ராஜாவுக்கு ஓட இடமில்லை. அவன் அதைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்தான்.

பாய்லரக்கா பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் யானையைத் தன் வீட்டு விளிம்புவரை ஏற்றி வைத்தாள்.

அண்ணி தன் குதிரையை எடுத்து ஓரமாக வைத்தாள். அது ஏதோ வேலையில்லாத நகர்த்தல் மாதிரி தெரிந்தது. ஆனால் குதிரை விலகியதும் அதன் பின்னால் அண்ணியின் யானை. அதற்கும் பாய்லரக்காவின் வாசலுக்கும் நடுவில் துடைத்துவிட்டாற்போல வெறும் கட்டங்கள். அடுத்த சுற்றில் அந்த யானை வழுக்கிக்கொண்டு வந்து அவள் ராஜாவின் முன்னால் நிற்கும். அதோடு சரி.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. “என்மேல கோவிச்சுக்காதம்மா,” என்று மட்டும் சொன்னாள், பலகையைப் பார்த்தபடி. “எனக்கு அந்த ரூமுக்குள்ள போனாலே மூச்சு முட்டுது. அது நிஜம். இடுப்பு பொய்.”

“தெரியும் அண்ணி.”

“உனக்குப் பழகிடுச்சு.”

“பழகல அண்ணி. யாரும் கேக்கல, அவ்ளோதான்.”

“ஆட்டம் ஓடிட்டிருக்கு,” என்று அண்ணன் மேசையைத் தட்டினார். “உணர்ச்சிகளை அப்புறம் வச்சுக்கோங்க.”

பாய்லரக்காவின் யானைக்கு இரண்டு வழி இருந்தது. பக்கவாட்டில் போகலாம்: தன் வீட்டுக்குள்ளேயே நகர்ந்து ராஜாவுக்கு முன்னால் நின்று கதவை அடைக்கலாம். இந்தச் சுற்று பிழைப்பாள். அப்புறம் அண்ணி வேறு காயை அனுப்புவாள், அண்ணன் எதிர்ப்பக்கம் உதவுவார், இன்னும் சில சுற்றில் முடிந்துவிடும். அல்லது நேராகப் போகலாம். தம்பி வாசலுக்கு.

அவளுக்கு ஒரு பிற்பகல் ஞாபகம் வந்தது. பாய்லரில் குழாய் வெடித்த நாள். அப்பாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு இறங்கினாள். அவள் ஏறி வந்தபோது தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா அவள் விட்டுப்போன அதே பக்கம் திரும்பியபடி, நனைந்த விரிப்பின்மேல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். விரிப்பு காய்ந்து மறுபடி நனைந்திருந்தது; அதைப் பார்த்தே சொல்லிவிடுவாள், அவள் தொழில் அது. இடுப்பெலும்புக்கு மேல் சிவப்பாக ஒரு வட்டம். “நாளைக்குச் சரியாயிடும்கா,” என்றான். அந்த வட்டம் புண்ணாகி, ஆறி, தோல் மூடக் கோடை முழுக்கப் பிடித்தது.

அவள் யானையைத் தொட்டாள். எடுத்துவிட்டால் வைத்தே ஆகவேண்டும். அது அப்பாவின் விதி.

தம்பி அவள் விரலைப் பார்த்தான். பிறகு தன் ராஜாவைப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகத்தில் ‘இன்றைக்கு’ வந்தது.

“அக்கா,” என்றான்.

அவள் நேராகத் தள்ளினாள்.

யானை தம்பியின் வாசலுக்கு முன்னால் நின்றது. ராஜாவுக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர், முன்னால் யானை. குறுக்கே விட ஒரு காய் இல்லை. அடுத்த ஆட்டம் அவனுடையது. நடுவில் காப்பாற்ற ஒருவரும் இல்லை. அண்ணன் எழுந்து நின்று, குனிந்து, ஒவ்வொரு காயாக விரல் வைத்துப் பார்த்து, “விழுந்தது,” என்று அறிவித்தார். குரலில் ஒரு நிம்மதி. விழுந்தது யாராக இருந்தாலும் தான் இல்லை என்கிற நிம்மதி.

தம்பி தன் ராஜாவை விரலால் சாய்த்தான். பிறகு சிரித்தான். “யானைய வச்சு மிதிச்சிட்டியே. சரி விடு. நான் பாத்துக்கறேன் அப்பாவ. நாளைலேருந்து.”

அந்த இரவு அவள் தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நன்றாகத் தூங்கினாள். இனி அப்பா கட்டிலைத் தட்டினால் வேறு ஒருவர் எழுந்து போவார் என்று நினைத்துத் தூங்குவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுநாளிலிருந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பை மாற்றுவது எப்படி: ஒரு பக்கமாக உருட்டு, பழையதை முதுகோடு சுருட்டிக்கொண்டு போ, புதியதை அதே இடத்தில் விரி, மறுபக்கம் உருட்டு, இழு. சுருக்கம் இருக்கக்கூடாது, சுருக்கம்தான் புண்ணாகும். செத்த கையைத் தூக்கும்போது தோளைத் தாங்கு. கரண்டியை இடது வாயோரமாகக் கொடு, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார். தம்பி வியர்த்துக்கொண்டே செய்தான். எல்லோரும் நினைத்ததைவிட நன்றாகவே செய்தான். அப்பாவிடம், “என்ன பாஸ், இன்னிக்கு எந்தப் பக்கம் டூர்?” என்பான். அப்பாவின் பாதி வாய் மேலே போகும். அவளுக்குக்கூடக் கொஞ்சம் பொறாமை வந்தது. அவள் உருட்டியபோது அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அவளும் சிரிக்கும்படி எதுவும் சொன்னதில்லை, நேரம் ஏது?

ஒன்றாம் தேதி காலை பையைத் தூக்கிக்கொண்டு சொல்லிக்கொள்ள மாடிக்கு ஏறினாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அறைக் கதவு திறந்திருந்தது. தம்பி இல்லை. அப்பா முதுகில் படுத்திருந்தார். வாசனை வாசலிலேயே சொல்லிவிட்டது.

கீழே எட்டிக் கூப்பிட்டாள். அண்ணன் படிக்கட்டின் பாதிவரை ஏறி வந்தார், அந்த உயரம் போதும் என்பதுபோல் அங்கேயே நின்றார்.

“வேனுக்குப் போட்ட புது டிரைவர் வரல. ஆஸ்பத்திரிக்காரன் விரிப்பு இல்லாம ஆபரேஷன் நிக்குதுன்னு கத்தறான். இவன்தான் ஓட்டணும், வேற யாரு? இன்னிக்கு மட்டும்.”

“இன்னிக்கு நான் கிளம்பணும்.”

“கிளம்பேன். யாரு தடுத்தா?”

“அப்பாவுக்கு?”

“அண்ணிகிட்ட சொல்லிருக்கேன்.” கீழிருந்து அண்ணியின் குரல்: “என்கிட்ட யாரும் சொல்லல!”

“அண்ணே,” என்றாள் அவள். “ஆட்டத்துல விழுந்தது தம்பி. நீங்கதான் எண்ணிப் பாத்து சொன்னீங்க. இறுதின்னீங்க. மேல்முறையீடு இல்லன்னீங்க.”

அண்ணன் அவளை உண்மையான வியப்போடு பார்த்தார். அதில் கள்ளமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“அது விளையாட்டும்மா,” என்றார். “அப்பா வேற, விளையாட்டு வேற. அதப்போய் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டியா?”

உள்ளே அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். கூப்பிடுகிறாரா, நனைந்தது உறுத்துகிறதா, கால் மரத்துவிட்டதா. அந்தத் தட்டலில் வித்தியாசம் கண்டுபிடிக்க அவளுக்கு மட்டும்தான் தெரியும். உறுத்துகிறது.

ஐந்து நிமிடம், என்று நினைத்தாள். விரிப்பை மட்டும் மாற்றிவிட்டு ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பையைச் சுவரோரம் வைத்தாள். அப்பாவை ஒரு பக்கமாக உருட்டினாள். அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அவளைப் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை என்றும் தோன்றியது. இடுப்பெலும்புக்கு மேல் பழைய வட்டம் மறுபடி சிவந்திருந்தது. லேசாகத்தான். இன்னும் தோல் கிழியவில்லை. இன்றைக்கு முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டால் அடங்கிவிடும். போடாவிட்டால் அடங்காது. அவ்வளவுதான் அதன் கணக்கு.

மதியம் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஒருநாள் தாமதமாக வருவதாகச் சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, பரவாயில்லை, குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மறுநாள் டிரைவர் வந்தான். ஆனால் தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்பாவை உருட்டியதில் பிடித்ததாம், நிஜமாகவே நெளிந்தான். அவள் மறுபடி போன் செய்தாள். மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் அண்ணன் கூடத்தில் எல்லோரையும் கூட்டி, வெற்றி பெற்ற பின்னும் கடமையைத் தேர்ந்தெடுத்த தன் தங்கையின் தியாகத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். மடிக்கும் பெண்கள் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேலே, ஜன்னல் வழியாக அந்தப் பேச்சு முழுக்கக் கேட்டது. அவள் கரண்டியை அப்பாவின் இடது வாயோரம் வைத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார்.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரி அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டது.